பிரின்சிபால் பார்த்தால் ஓடும் வண்டி

நின்றுபோன படைகளை ஒரே பார்வையில் நடக்கவைத்த தலைவர்கள் சரித்திரத்தில் நிறைய. நின்றுபோன டீசல் என்ஜினை ஒரே பார்வையில் ஓடவைத்த தலைவர் ஒருவர்தான். அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பிரின்சிபால். உரிமையாளரும் அவரே, நிர்வாகியும் அவரே, வாசல் போர்டை எழுதியவரும் அவரே. ‘பிரின்சிபால்’ என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று சில அற்பர்கள் கேட்பதுண்டு. போர்டு எழுதியவர்தான் கொடுத்தார். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஸ்கூல் என்பது தெருவைப் பார்த்த ஒரு அறை. ஒரு மேசை, சாலைச் சின்னங்கள் அச்சிட்ட பெரிய படம், முக்காலியில் ஆணியடித்து நிறுத்திய ஒரு ஸ்டியரிங். மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் அந்த முக்காலியைத்தான் ஓட்டுவார்கள். இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அறையின் பின்பக்கம் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு.

அதைச் சாதாரணத் திரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் ‘ஏம்மா’ என்று அழைக்கப்படுகிற பிரின்சிபாலின் மனைவி, இந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததும் ‘தியரி மேடம்’ ஆகிவிடுவார். அவரும் ‘என்னங்க’வை அடுப்படியிலேயே விட்டுவிட்டு ‘சார்’ என்று அழைக்க வேண்டும். ஒருமுறை வகுப்பு நடக்கும்போது வாய் தவறி, ‘என்னங்க, உப்பு தீந்துபோச்சு’ என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அவருக்கு வாய்மொழி எச்சரிக்கை வழங்கப்பட்டது. உப்பு மறுநாள்தான் வழங்கப்பட்டது.

மூன்றாவது ஊழியர் மேடத்தின் தம்பி. ரோட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘அரைக்கிளட்ச், அரைக்கிளட்ச்’ என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவருடைய அக்காவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மிச்சம் இருப்பது கார். வெள்ளையாக இருந்து பால் நிறமாகி, இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு டீசல் கார். வயதைக் கேட்பது மரியாதை இல்லை. டீசல் அளவு காட்டும் முள் பல வருடமாக ‘நிறைந்துள்ளது’ என்ற இடத்திலேயே நிற்கிறது. வண்டியில் யார் மனம் தளர்ந்தாலும் அந்த முள் தளர்ந்ததில்லை.

இந்த வண்டிக்குத்தான் சில மாதமாக ஒரு விநோத வியாதி. வாசலில் முறுக்கினால் சிங்கம்போல உறுமும். ரோட்டில் கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். பிறகு இழுவை குறையும், இரண்டு தரம் இருமும், நடுரோட்டில் உயிரை விடும். சாவியைத் திருகித் திருகிக் கை ஓய்ந்ததும் அரைக்கிளட்ச் போன் போடுவார். பிரின்சிபால் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்.

அதன்பின் நடப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் சாவியை எடுப்பார். டேங்க் மூடிக்கு அவர் இரும்புப் பட்டை வைத்துப் பூட்டு போட்டிருந்தார். பூட்டைத் திறந்து மூடியைத் திருகுவார். டேங்க் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விடும். அவர் ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, டீசல் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்ப்பார். மைத்துனர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். மறுபடியும் மூடி, பூட்டி, ‘இப்ப அடி’ என்பார். அரைக்கிளட்ச் என்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கிச் சாவியைத் திருகினால், வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

‘‘பாத்தியா மச்சான்? ஆள் தரம் தெரிஞ்ச வண்டி’’ என்பார் பிரின்சிபால்.

அவரே கூட வருகிற நாட்களில் வண்டி நின்றதாகச் சரித்திரமே இல்லை. முச்சந்திக்கு முச்சந்தி வண்டியை ஓரங்கட்டி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு, யாராவது டீசலை உறிஞ்சிவிட்டார்களா என்று பார்ப்பது அவர் வழக்கம். ஓடுகிற வண்டியில் யார் உறிஞ்ச முடியும் என்று ஒரு மாணவர் கேட்டார். அவருக்கு மேலும் ஒரு வாரம் முக்காலி ஓட்டும் வாய்ப்பு அளிக்கப்பட்டது.

பிரின்சிபால் இல்லாமல் வண்டி நிற்பதில் மற்றவர்களுக்கு நேரம்தான் போயிற்று. தியரி மேடத்துக்குப் போனது லைசென்ஸ்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குச் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் மேடம். எந்த வளைவில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. வாரத்துக்கு ஒரு பெண்ணாவது வாசலில் நின்று, ‘இங்க லேடீஸ் டீச்சர் இருக்காங்களா?’ என்று கேட்பார். ‘தியரிக்கு இருக்காங்க’ என்று பிரின்சிபால் சொல்வார். அந்தப் பெண் அரைக்கிளட்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யோசித்து வருவதாகச் சொல்லிப் போய்விடுவார். யோசித்து வந்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் மேடம் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். தனக்கு லைசென்ஸ் வந்தால் அந்தப் பெண்களை எல்லாம் தானே ரோட்டில் ஓட்டவைக்கலாம் என்பது அவருடைய ஆசை. வெறும் ஆசை இல்லை, ஏக்கம்.

மூன்று முறை டெஸ்டுக்குப் போனார். டெஸ்டில் ஓட்டுபவரும் இன்ஸ்பெக்டரும் மட்டும்தான் வண்டியில் இருக்கலாம் என்பது விதி. மூன்று முறையும் பிரின்சிபால், மனைவி மேல் உள்ள அக்கறையால், முதல் நாளே டேங்கை வாய்வரை நிரப்பி, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பூட்டி அனுப்பினார். மற்ற நாட்களில் கொஞ்ச தூரமாவது போகிற வண்டி, டெஸ்ட் நாட்களில் இன்னும் சீக்கிரமே நின்றது. ஒருமுறை பாலத்தின் மேல். ஒருமுறை ரவுண்டானாவில். மூன்றாவது முறை மார்க்கெட் வாசலில், இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சட்டையோடு இறங்கித் தள்ளும்படி ஆகிவிட்டது. தக்காளி வாங்க வந்தவர்கள் அவருக்கு ஊக்கம் கொடுத்தார்கள்.

தள்ளி முடித்ததும் இன்ஸ்பெக்டர் பிரின்சிபாலிடம் சொன்னார். ‘‘வண்டி நின்னா டெஸ்ட் நின்னுச்சு. அது இந்தம்மாவுக்கு. உங்களுக்கு வேற சொல்றேன். இன்னொரு தடவை இது நடுரோட்டுல நின்னுச்சுன்னா, இந்த வண்டியில யாருக்கும் நான் டெஸ்ட் எடுக்க மாட்டேன். போர்டை நீங்களே இறக்கி வச்சிருங்க.’’

போர்டு இறங்கினால் ‘பிரின்சிபால்’ என்ற பட்டமும் கூடவே இறங்கிவிடும். நிலைமை முற்றியதை உணர்ந்த அவர் உடனடியாக எடுத்த நடவடிக்கை, ஒரு பயிற்சி முகாமுக்குப் போனது.

ஒரு ஓட்டலின் மாடியில், குளிரூட்டிய அறையில், ‘உங்களுக்குள் உறங்கும் தலைவரை எழுப்புங்கள்’ என்ற முகாம். உறங்கும் தலைவர்கள் பலர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலும் ஆழ்ந்து உறங்கினார்கள். நம் பிரின்சிபால் மட்டும் விழித்திருந்து ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். அதன் பெயர் ‘ஐந்து ஏன்’. எந்தப் பிரச்சினையானாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டால், மூலகாரணம் தானாகவே எதிரே வந்து உட்கார்ந்துவிடும்.

மறுநாள் காலை ‘மூலகாரண ஆய்வுக் கூட்டம்’ கூடியது. முக்காலி ஸ்டியரிங்கை ஓரமாக நகர்த்திவிட்டு நாற்காலிகள் போடப்பட்டன. சிறப்பு அழைப்பாளர் மெக்கானிக். அவர் உடையில் இருந்த கிரீஸை முன்னிட்டு நாற்காலியில் பழைய செய்தித்தாள் விரிக்கப்பட்டது. மெக்கானிக்குக் கையைவிட வாய் நீளம். எந்த வண்டி வந்தாலும், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே, ‘லைன்ல அடைப்பு’ என்று சொல்லிவிடும் நம்பிக்கைசாலி.

‘‘முதல் ஏன்’’ என்றார் பிரின்சிபால். ‘‘வண்டி ஏன் நிக்குது?’’

‘‘என்ஜினுக்கு டீசல் வரல சார்’’ என்றார் அரைக்கிளட்ச்.

‘‘ரெண்டாவது ஏன். டீசல் ஏன் வரல?’’

‘‘லைன்ல அடைப்பு’’ என்றார் மெக்கானிக், தன் முறை வந்த பூரிப்பில்.

‘‘அடைப்பு ஏன்?’’

‘‘அழுக்கு. பழைய டேங்க், துரு உதிருது. அது லைனுக்குள்ள போயி குந்திக்குது.’’

‘‘அழுக்கு ஏன் சேருது?’’

அரைக்கிளட்ச் கூரையைப் பார்த்தார். ‘‘கவனிப்பு இல்லாததால’’ என்று பிரின்சிபாலே பதில் சொன்னார். ‘‘சரி. கடைசி ஏன். கவனிப்பு ஏன் இல்ல? யோசிங்க. வண்டி நின்ன ஒவ்வொரு தடவையும் அங்க எது இல்ல?’’

‘‘அதிர்ஷ்டம்’’ என்றார் மெக்கானிக்.

‘‘நான்’’ என்றார் பிரின்சிபால். ‘‘நான் இல்ல. நான் இருந்தா ஓடுது, இல்லாட்டி நிக்குது. ஆக மூலகாரணம், பிரின்சிபால் அங்க இல்லாதது.’’

ஒரு மனிதர் தன்னுடைய முக்கியத்துவத்தை இவ்வளவு அடக்கத்தோடு ஐந்தே கேள்வியில் நிரூபித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

‘‘டெஸ்டுல நீங்க வண்டியில இருக்க முடியாதே சார்’’ என்றார் மேடம்.

‘‘அதனாலதான் லைனைச் சுத்தம் பண்ணணும். என்னை நகல் எடுத்து உள்ள வைக்கவா முடியும்?’’

அடைப்பு நீக்கும் பணி அன்றே தொடங்கியது. மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். அது சுத்தமாக இருந்தது. ‘இது நடிப்பு’ என்று சொல்லிப் புதிது போட்டார். ரப்பர் டியூப்களை உருவினார். ஒன்றை வாயில் வைத்து ஊதினார். நாள் முழுக்க டீசல் வாசனையோடு ஏப்பம் விட்டார். அடுத்து வண்டிக்கு அடியில் போகும் நீளமான பைப். அதைச் சுத்தம் செய்ய, முன்பக்கமிருந்து காற்றடிக்க வேண்டும். அடைப்பு இருந்தால் டேங்குக்குள் வந்து விழும்.

‘‘மூடியைத் திறங்க சார்’’ என்றார்.

பிரின்சிபால் கழுத்துச் சாவியை எடுத்துத் திறந்தார். உஸ்ஸ்ஸ். மெக்கானிக் காற்றடித்தார். டேங்குக்குள் குமிழ்கள் கொப்பளித்தன. பைப்பில் தடையே இல்லை. கைப்பம்பை அமுக்கினார். டீசல் பீச்சியடித்தது. என்ஜினை முறுக்கினார். வாசலிலேயே வெகு நேரம் ஓடவிட்டார்கள். பிரின்சிபால் திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றார். வண்டி நிற்கவே இல்லை. மெக்கானிக் சோதனை முடிந்தது என்றார். பிரின்சிபால் மூடியைப் போட்டுப் பூட்டினார். மறுநாள் அரைக்கிளட்ச் எடுத்துப் போனார். பாலத்தின் மேல் நின்றது.

மறுபடி கழற்றினார்கள். மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தார்கள். ஓடியது. மூடிப் பூட்டி அனுப்பினார்கள். நின்றது. இப்படியே ஒரு சடங்குபோல நடந்தது. வண்டியில் கழற்றாத பொருள் என்று எதுவும் மிச்சமில்லை. மெக்கானிக் தன் வாழ்நாளில் முதல்முறையாக, ‘லைன்ல அடைப்பு இல்ல போலிருக்கு’ என்று முணுமுணுத்தார். சொன்ன பிறகு அவருக்கே பயமாகிவிட்டது. பட்டறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாலாவது டெஸ்டுக்கு முந்தின நாள், திரைக்கு அந்தப் பக்கம், மேடம் ஒரு புது எண்ணெய் டின்னை எடுத்தார். மூலையில் ஆணி வைத்து ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தார். எண்ணெய் கொஞ்சம் நன்றாக வந்தது. பிறகு மெலிந்தது. ‘களுக்’ என்றது. நின்றுபோயிற்று. மேடம் வழக்கம்போல எதிர் மூலையில் காற்றுப் போக இன்னொரு ஓட்டை போட்டார். எண்ணெய் சீராக வந்தது. கிண்ணம் நிறைந்தது. நிறைந்து வழிந்தது. அடுப்பு மேடையிலும் ஓடியது. அவர் டின்னை நிமிர்த்தவே இல்லை. கையில் ஆணியோடு அப்படியே நின்றார்.

பிறகு எண்ணெய்க் கையோடு திரையைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

‘‘என்னங்க, அந்த டேங்க் மூடியில முன்னாடி ஊசி முனையாட்டம் ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சுல்ல?’’

‘‘சார்’’ என்று திருத்தினார் பிரின்சிபால்.

‘‘சார். இருந்துச்சுல்ல?’’

‘‘இருந்துச்சு. கம்பெனிக்காரன் கவனிக்காம விட்ட தப்பு. இத்தனை வருஷமா எவனும் கண்டுபிடிக்கல. நான்தான் கண்டுபிடிச்சு பசை வச்சு அடைச்சு, மேல சிவப்புப் பெயின்டும் அடிச்சேன்.’’

‘‘அது தப்பு இல்ல சார். காத்து போறதுக்கு விட்டிருக்கான். எண்ணெய் டின்னுல ரெண்டாவது ஓட்டை போடுறோம்ல, அது மாதிரி. டீசல் வெளிய போகப் போக அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலன்னா டீசல் எப்படி நகரும்? நீங்க மூடியைத் திறக்கறப்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுல்ல? அது காத்து. உள்ள ஓடுற சத்தம்.’’

பிரின்சிபாலின் முகம் மாறியது. அந்தப் பெருமூச்சை அவர் இத்தனை நாளும் மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்!

‘‘காத்து உள்ள போக வழி இருந்தா, டீசல் வெளிய போகவும் அதேதான் வழி’’ என்றார். ‘‘அந்த ஓட்டையில சன்னமா ஒரு குழாயை விட்டு உறிஞ்சினா? ராத்திரியோட ராத்திரியா டேங்க் காலி.’’

‘‘ஊசி போற ஓட்டையில யாரு சார் உறிஞ்சப் போறா?’’

அரைக்கிளட்ச் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து தண்ணீர்க் குவளையை எடுத்தார். பிரின்சிபாலின் பார்வை குவளையோடு போய், குவளையோடு திரும்பியது. மேடம் அதைப் பார்த்துவிட்டார். தம்பியும் பார்த்துவிட்டார். அந்த அறையில் அப்போது காற்று கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

‘‘மேடத்தோட யோசனை நன்றியோட பதிவு செய்யப்படுது’’ என்று பிரின்சிபால் அறிவித்தார். ‘‘எண்ணெய் டின்னையும் என்ஜினையும் ஒண்ணா வச்சுப் பாக்குறது தொழில்நுட்பத்துக்கு அவமானம். யோசனை நிராகரிக்கப்படுது.’’

வெறுமனே நிராகரித்துவிட்டு உட்கார்ந்திருக்க அவர் என்ன சாதாரண நிர்வாகியா? அன்று சாயங்காலமே தம் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடியைக் கழற்றி ஆராய்ந்தார். அதிலும் ஒரு ஓட்டை! உலகம் முழுவதும் கம்பெனிக்காரர்கள் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்று வருந்தி, அதையும் பசை வைத்து அடைத்தார். மறுநாள் டெஸ்டில் காரின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போவதென்று முடிவு செய்திருந்தார். வண்டிக்குள் இருக்கத்தானே கூடாது? பின்னால் வரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எங்கே நின்றாலும் இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் மூடியைத் திறந்துவிடலாம். இதற்கு அவர் ‘நடமாடும் தலைமை’ என்று பெயரிட்டார். காருக்கு டேங்க் நிறைய டீசலும், தலைமைக்கு டேங்க் நிறைய பெட்ரோலும் நிரப்பப்பட்டன.

டெஸ்ட் நாள் காலையில் அவர் காரின் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பூட்டிவிட்டுக் குளிக்கப் போனார். சோப்பு நுரைக்கு நடுவே ‘டக், டக்’ என்று ஏதோ சத்தம் கேட்டது. அடுப்படியில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வகையில் அது சரிதான். ஆணியும் சுத்தியலும் அடுப்படியில் இருந்துதான் போயிருந்தன.

‘‘அக்கா, அவருக்குத் தெரிஞ்சா?’’ என்றார் அரைக்கிளட்ச், வாசலில் காவல் நின்றபடி.

‘‘தெரியணும்னா மூடிகிட்ட வரணும். வண்டி நின்னாத்தான் வருவாரு’’ என்றார் மேடம். சிவப்புப் பெயின்டின் நடுவில், பழைய ஓட்டை இருந்த அதே இடத்தில், ஆணி இறங்கியது. உஸ்ஸ் என்ற சத்தம் வரவில்லை. இனி வரவும் வராது.

இன்ஸ்பெக்டர் இம்முறை கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். சீட்டில் உட்கார்ந்ததும் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டார். ‘‘போம்மா’’ என்றார், தன் விதியிடம் பேசுபவர்போல.

கார் கிளம்பியது. பின்னால் நடமாடும் தலைமை கிளம்பியது.

மார்க்கெட் வாசலை நெருங்கியதும் பிரின்சிபால் வேகத்தைக் கூட்டினார். ஒரு கை தானாகக் கழுத்துச் சாவிக்குப் போயிற்று. கார் நிற்கவில்லை. தக்காளிக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார். பாலம் வந்தது. கார் ஏறியது, இறங்கியது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷம்தான், அதில் பொய் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ரவுண்டானா வந்தது. மேடம் அளவாகச் சுற்றி, அழகாகத் திரும்பினார். இப்போது பிரின்சிபாலின் மனத்தில் ஏதோ ஒன்று குடைந்தது. முதலில் அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது. அவர் இல்லாமலே போயிற்று. அவர் பின்னால் வருவது காருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இருமினால்கூடப் போதுமே என்று நினைத்தார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. மனைவி மூன்று முறை தோற்றுத் திரும்பிவந்து, ஒன்றும் பேசாமல் திரைக்கு அந்தப் பக்கம் போன முகம் ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை நினைத்தார்.

பிரார்த்தனை பலித்தது, கொஞ்சம் இடம் மாறி. ஸ்கூட்டருக்கு இழுவை குறைந்தது. இரண்டு தரம் இருமியது. திரும்பி வரும் வழியில், பாலத்தின் மேல், சரியாக நட்டநடுவில் நின்றது. அவர் உதைத்தார். மறுபடி உதைத்தார். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. பிளக்கைப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அந்த டிரைவிங் ஸ்கூலின் வாகனம் ஒன்று அன்று நடுரோட்டில் நின்றது. அதன் மேல் பிரின்சிபால் இருந்தார்.

முன்னால் போன கார் ஒரு சந்தில் நுழைந்து, இன்ஸ்பெக்டர் சொல்லியபடி ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பாலத்துக்கே வந்தது. மேடம் தூரத்திலேயே பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். ஜன்னல் கண்ணாடி இறக்கி இருந்ததால் உள்ளே பேசியது பிரின்சிபாலுக்கு நன்றாகவே கேட்டது.

‘‘அது உங்க பிரின்சிபால்தானேம்மா?’’

‘‘ஆமா சார். நிறுத்தட்டுமா?’’

‘‘நிறுத்தினா டெஸ்ட் நின்னுரும்மா.’’

‘‘சரி சார்.’’

நின்றிருக்கும் வாகனத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பாரோ, அவ்வளவு இடம் விட்டு, அவரைத் தாண்டிப் போனார். ‘தடங்கலைத் தாண்டுதல்: மிக நன்று’ என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

பிரின்சிபால் பாலத்தில் தனியாக நின்றார். கடைசியில், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பெட்ரோல் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு லேசாக ஒரு உதை உதைத்தார். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. சுற்றிலும் ஆள் இருந்தும், ‘பாத்தியா?’ என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மேடம் பாஸான சீட்டோடு மேசையருகே நின்றிருந்தார். அரைக்கிளட்ச் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சேதி கேட்டு மெக்கானிக்கும் வந்து, பழைய செய்தித்தாளைத் தானே விரித்து உட்கார்ந்திருந்தார்.

தலைவர்கள் தோல்வியில் துவள்வதில்லை, வெற்றியில் பங்கெடுப்பார்கள். பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘‘எல்லாருக்கும் சந்தோஷம். நடமாடும் தலைமை இருந்ததாலதான் இன்னிக்கு இது...’’

‘‘சார், ஒரு மூலகாரண ஆய்வு பண்ணிரலாமா?’’ என்றார் மேடம். ‘‘நம்ம ஸ்கூல் வாகனம் ஒண்ணு இன்னிக்குப் பாலத்துல நின்னுச்சு. ஏன்?’’

அவர் உட்கார்ந்தார். ‘‘பெட்ரோல் வரல.’’

‘‘ஏன் வரல?’’

‘‘காத்து போகல.’’

‘‘ஏன் போகல?’’

‘‘ஓட்டை அடைச்சிருந்துச்சு.’’

‘‘ஏன் அடைச்சிருந்துச்சு?’’

அவர் மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். ‘‘யாரும் எடுத்துரக் கூடாதுன்னு.’’

மேடத்தின் குரல் தாழ்ந்தது. அவர் திரைக்கு இந்தப் பக்கம்தான் நின்றார், ஆனால் கேட்டது அந்தப் பக்கத்துக் குரலில். ‘‘என்னங்க, இந்த வீட்டுல இருக்கிறதே மூணு பேரு. ஒண்ணு நீங்க. மத்த ரெண்டு பேருல, யாரைத் திருடன்னு நெனச்சீங்க? ஏன் நெனச்சீங்க?’’

அரைக்கிளட்சின் சிரிப்பு நின்றுவிட்டது. மெக்கானிக் சாலைச் சின்னங்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். பிரின்சிபால் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. லைனில் அடைப்பு.

அந்த நேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ‘‘இங்க லேடீஸ் டீச்சர் இருக்காங்களா?’’

‘‘இருக்காங்க’’ என்றார் மேடம். சுவர் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தார். பிரின்சிபால் அவசரமாகக் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, டேங்க் மூடியின் சாவியை நீட்டினார்.

‘‘அது வேண்டாங்க’’ என்றார் மேடம். ‘‘மூடியைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது.’’

கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நீட்டிய சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் பிரின்சிபால் மறுபடி கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். அரைக்கிளட்ச் அவரை நேராகப் பார்த்தபடி எதிரே நின்றார், ஐந்தாவது ஏனுக்குப் பதில் வரும் என்று.

எப்பேர்ப்பட்ட முறை அது! ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் தானாகவே எதிரே வந்து உட்காரும் என்று பிரின்சிபால் அன்றே சொன்னார். அவர் வாக்கு பொய்க்கவில்லை. வந்து உட்கார்ந்திருந்தது, கழுத்தில் சாவியோடு.